இலவசச் சாப்பாட்டுக் கணக்கு

அமெரிக்கப் பள்ளிக் கல்வி பற்றிய எந்த ஆய்வறிக்கையைப் புரட்டினாலும் அட்டவணையில் ஒரு பத்தி கண்ணில் படும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் இலவச மதிய உணவுக்கோ குறைந்த விலை மதிய உணவுக்கோ தகுதி பெற்றவர்கள் எத்தனை சதவீதம் என்பது அந்தப் பத்தி. அட்டவணையை விட்டுக் கட்டுரைக்குள் வந்தால் இதே எண் வேறு பெயரில் உலவும். 'ஏழை மாணவர்கள்' என்பார்கள். கொஞ்சம் நாசூக்காக 'பொருளாதார வசதி குறைந்தவர்கள்' என்பார்கள். சாப்பாட்டைப் பற்றிய ஒரு தகவல், பெயர் மாறிய ஒரே காரணத்தால், வறுமையைப் பற்றிய தகவலாகிவிடுகிறது. இது எப்போது நடந்தது, எதற்காக நடந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. புள்ளிவிவரம் என்றாலே முகம் சுளிக்கும் நம் வட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு கவிதையில் வரும் சொல் எங்கிருந்து வந்தது, யார் கையில் என்ன பொருள் ஏறியது என்று நாள் கணக்கில் துருவுகிறவர்கள் நாம். ஒரு சதவீதத்துக்கும் பூர்வீகம் உண்டு. அதையும் துருவலாம்.

1904-இல் ராபர்ட் ஹண்டர் 'வறுமை' என்று நேராகப் பெயர் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். நியூயார்க் நகரத்தில் மட்டும் அறுபது எழுபதாயிரம் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வருகிறார்கள் என்று அதில் ஓர் இடத்தில் சொன்னார். பெரிய சலசலப்பு உண்டாயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஜான் ஸ்பார்கோ, குழந்தைகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி, நாடு முழுவதுக்கும் இருபது லட்சம் என்றார். இரண்டும் குத்துமதிப்பான எண்கள். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டவர்களுக்குத் திருப்தியான பதில் கிடைத்திருக்காது. ஆனால் கேள்வியில் குழப்பம் இல்லை. காலையில் எதுவும் சாப்பிடாமலோ அரைவயிறாகவோ வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை எத்தனை என்பதுதான் கேள்வி. பின்னால் அரசாங்கத்தின் பள்ளிக் கணக்காக வளர்ந்தது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அது தகப்பனின் வருமானத்தைக் கேட்டது. அதையும் பிள்ளையிடம் கேட்கவில்லை, ஒரு காகிதத்திடம் கேட்டது.

பாஸ்டன், பிலடெல்பியா போன்ற நகரங்களில் தர்ம சங்கங்கள் பென்னிச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மத்திய அரசாங்கம் பள்ளிச் சமையலறைக்குள் கால் வைத்தது 1930-களில்தான். அதுவும் பிள்ளைகளை நினைத்து அல்ல. பெருமந்தத்தில் விளைபொருள் விலை பாதாளத்துக்குப் போயிற்று. கோதுமையும் பாலும் வெண்ணெயும் வாங்க ஆளில்லாமல் தேங்கின. சந்தையிலிருந்து உபரியை எடுத்தால் விலை ஏறும்; எடுத்ததை எங்காவது கொட்ட வேண்டும். 1935-இல் வந்த திருத்தச் சட்டம் சுங்க வருமானத்தில் ஒரு பங்கை இப்படி உபரி வாங்குவதற்கு ஒதுக்கியது. வாங்கியது பள்ளிகளுக்குப் போயிற்று. பள்ளிப் பிள்ளையின் வயிறு, சந்தைக்குள் திரும்பி வராத ஓர் இடம். வீட்டில் வாங்கும் சாமானை அது குறைக்காது என்பது கணக்கு. விவசாயி பிழைத்தான், பிள்ளையும் சாப்பிட்டது. இதில் பாவனை எதுவும் இல்லை. அன்றைய ஆவணங்கள் ஒளிவுமறைவில்லாமல் இதைச் சொல்கின்றன. இன்று வரை அமெரிக்காவில் பள்ளி மதிய உணவு கல்வித் துறையின் கீழ் இல்லை, விவசாயத் துறையின் கீழ்தான் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் இன்னொரு காரணத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. படைக்கு ஆள் எடுத்தபோது தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களில் பலருக்குச் சிறுவயதில் சரியான ஊட்டம் இல்லை என்று தளபதி ஹெர்ஷி காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1946 ஜூன் 4 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் முகப்பிலேயே தேசப் பாதுகாப்பும் விளைபொருள் நுகர்வும் குழந்தைகளின் ஆரோக்கியமும் ஒன்றாக நிற்கின்றன. அந்தச் சட்டத்துக்கு முன்நின்று பாடுபட்டவர் ஜார்ஜியாவின் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் உட்காரக்கூடாது என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர். இன்று அந்தச் சட்டம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தனித்தனிப் பள்ளிகள் உள்ள மாநிலங்களில் பணத்தைப் பாரபட்சமில்லாமல் பங்கிட வேண்டும் என்ற வாசகத்தை அதற்குள் புகுத்தியவர் ஹார்லெமிலிருந்து வந்த ஆடம் கிளேட்டன் பவல்.

சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. முழு விலை கொடுக்க முடியாதவர்கள் என்று உள்ளூர்ப் பள்ளி அதிகாரிகள் தீர்மானிக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பாடு போட வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பிரித்து நடத்தக்கூடாது. எப்படித் தீர்மானிப்பது என்று சொல்லவில்லை. அதற்கென்று தனியாகப் பணமும் ஏறக்குறைய இருபது வருஷங்களுக்கு வரவில்லை. ஆகவே தலைமையாசிரியர்தான் நீதிபதி. பிள்ளையின் சட்டை, செருப்பு, தாயின் நடத்தை பற்றி ஊரில் பேசிக்கொள்வது, எல்லாமே சாட்சியங்கள்.

உபரி பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1954-இல் வந்த பொதுச் சட்டம் 480 அதைக் கப்பலேற்றி வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. காமராஜர் 1956-இல் சென்னை ராஜ்யத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் 'கேர்' நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் கோதுமையும் கொடுத்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மிசிசிபியில் ஒரு பிள்ளையின் தட்டுக்கும் ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு பிள்ளையின் தட்டுக்கும் சாமான் ஒரே களஞ்சியத்திலிருந்து வந்த காலம் ஒன்று உண்டு. நம் திட்டத்திலும் அப்போது ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் சாப்பாடு; யார் ஏழை என்று பார்த்துச் சொன்னவர் வாத்தியார்தான்.

*

வறுமைக்கோடு என்ற சொல்லை இன்று பேப்பர் படிக்கிற எல்லோரும் சொல்கிறோம். அமெரிக்காவில் அந்தக் கோட்டைப் போட்டவர் ஒரு பெண். மோலி ஆர்ஷான்ஸ்கி. 1915-இல் நியூயார்க்கில், உக்ரேனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உபரி உணவுக்காக நிவாரண வரிசையில் தாயோடு போய் நின்றதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். விவசாயத் துறையில் குடும்ப உணவுச் செலவுக் கணக்குகளில் பல வருஷம் உழைத்துவிட்டு, சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்தார். 1963-லும் 1965-லும் அந்தத் துறையின் ஏட்டில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளில் முறை சொல்லப்படுகிறது.

முறை எளிமையானது. விவசாயத் துறையிடம் பல தரத்தில் உணவுத் திட்டங்கள் இருந்தன. அவற்றில் மிக மலிவானது 'சிக்கனத் திட்டம்'; கையில் பணம் குறைந்த நெருக்கடியில் தற்காலிகமாகச் சமாளிப்பதற்கானது என்று துறையே சொல்லிவைத்தது. 1955-இல் எடுத்த ஒரு கணக்கில் சராசரிக் குடும்பம் வரி போகக் கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகிறது என்று தெரிந்தது. ஆகவே சிக்கனத் திட்டத்தின் விலையை மூன்றால் பெருக்கு. அதுதான் கோடு. 1963-இல் நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் 3,130 டாலர். ஆர்ஷான்ஸ்கியே இதை வறுமைக்கு இலக்கணமாக முன்வைக்கவில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்று சொல்ல முடியாவிட்டாலும் எவ்வளவு இருந்தால் போதவே போதாது என்று சொல்லலாம் என்கிற அளவில்தான் வைத்தார். ஜான்சன் வறுமை மீது யுத்தம் தொடுத்திருந்த நேரம். யுத்தத்துக்கு எண் தேவைப்பட்டது. 1965-இல் வறுமை ஒழிப்பு அலுவலகம் எடுத்துக்கொண்டது. 1969-இல் அது நாட்டின் அதிகாரபூர்வமான கோடாயிற்று. அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி ஏற்றுகிறார்களே தவிர, அடிப்படைக் கணக்கைத் தொடவில்லை. வாடகையும் வைத்தியச் செலவும் ஏறி, சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து வெகுவாகக் கீழே போய்விட்ட காலத்திலும் பெருக்கல் மூன்றுதான்.

இந்தக் கோட்டைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டின் விலையிலிருந்து வறுமைக்கோடு பிறந்தது. ஐந்து வருஷம் கழித்து அந்தக் கோட்டைக் கொண்டு யாருக்கு இலவசச் சாப்பாடு என்று தீர்மானித்தார்கள். பிறகு இலவசச் சாப்பாடு பெறுகிறவர்களை எண்ணி வறுமையை அளந்தார்கள். வட்டம் பூர்த்தியாகிறது. கணிதத்தில் இப்படி ஒரு நிரூபணம் எழுதினால் வாத்தியார் அடித்துவிடுவார்.

நடுவில் நடந்ததைப் பார்க்கலாம். 1968-இல் ஐந்து பெண்கள் அமைப்புகள், கத்தோலிக்கர், யூதர், கறுப்பர், திருச்சபைப் பெண்கள், இளம் கிறிஸ்தவப் பெண்கள் என்று எல்லாத் தரப்பும், கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. 'அவர்களுடைய அன்றாட அப்பம்' என்று தலைப்பு. ஜீன் ஃபேர்ஃபாக்ஸ் தலைமையில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சாப்பாட்டு அறைகளைப் பார்த்து எழுதியது. 5 கோடிப் பள்ளிப் பிள்ளைகளில் மதிய உணவு சாப்பிட்டவர்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம். இலவசமாகவோ குறைந்த விலையிலோ பெற்றவர்கள் 20 லட்சத்துக்கும் குறைவு. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஏழைப் பிள்ளைகள் அதைப் போல மூன்று மடங்கு இருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒன்றுக்குக் கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. அடுத்தடுத்த பள்ளிகளில் வேறு வேறு விதி. சில இடங்களில் இலவசப் பிள்ளைகளுக்கு வேறு நிறத்தில் டோக்கன், சில இடங்களில் தனி வரிசை, சில இடங்களில் பேர் சொல்லிக் கூப்பிடுவது. பிரித்து நடத்தக்கூடாது என்று 1946-இல் எழுதிய வாக்கியம் இருபத்திரண்டு வருஷம் காகிதத்திலேயே இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம், 1969 ஜனவரியில், ஓக்லண்டில் ஒரு தேவாலயத்தில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடத் தொடங்கினார்கள். வருஷக் கடைசிக்குள் பல நகரங்களில் பரவியது. படிவம் இல்லை, வருமானம் கேட்கவில்லை, வந்த பிள்ளைக்குச் சாப்பாடு. துப்பாக்கியோடு நின்ற கட்சியின் காரியங்களில் இந்தக் காலைச் சாப்பாட்டைத்தான் பெரிய ஆபத்து என்று எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் தம் அதிகாரிகளுக்கு எழுதினார். அவருக்கு அரசியல் புரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1970 மே மாதம் நிக்சன் கையெழுத்திட்ட திருத்தம் இந்தச் சூழலில் வந்தது. நாடு முழுவதுக்கும் ஒரே வருமான வரம்பு. தலைமையாசிரியரின் பார்வைக்குப் பதிலாகப் பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட விண்ணப்பம். யார் இலவசம் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. நியாயமான சட்டம், ஐந்து பெண்கள் அமைப்புகளின் உழைப்பு அதில் இருக்கிறது. அந்த நியாயத்தின் உபவிளைவாக ஒன்று பிறந்தது. முதல் தடவையாக நாட்டின் ஒவ்வொரு பள்ளியிலும், ஒரே வரையறையில், வருஷா வருஷம், ஏழைப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று அலமாரியில் இருந்தது.

*

இதன் விலைமதிப்பு புள்ளிவிவரக்காரர்களுக்கு உடனே தெரிந்தது. 1965-இல் ஜான்சன் கொண்டுவந்த கல்விச் சட்டம் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குத் தனிப்பணம் கொடுக்கச் சொன்னது. எந்தப் பள்ளியில் அதிகம்? ஜனத்தொகைக் கணக்கு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அதிலும் ஊர் தெரியும், தெரு தெரியும், பள்ளி தெரியாது. உதவித்தொகை பெறும் தாய்மார்களின் பட்டியல் வேறு இலாகாவிடம் இருந்தது, ரகசியம். பள்ளியின் கையிலேயே இருந்தது சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றுதான். மாவட்டக் கல்வி அலுவலகங்கள் அதை எடுத்துக்கொண்டன. பிறகு ஆய்வாளர்கள். 1990-களில் தேசிய மதிப்பீட்டுத் தேர்வுகள். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்திட்ட சட்டம் ஏழை மாணவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டு, உயராவிட்டால் பள்ளிக்குத் தண்டனை என்று சொன்னபோது, ஏழை என்பதற்கு மாநிலங்கள் பெரும்பாலும் கொடுத்த பொருள் மதிய உணவுப் பட்டியலில் இருப்பவர் என்பதுதான். இதை யாரும் ஒருநாள் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. கையில் இருந்ததை எடுத்து அளந்தார்கள்.

கையில் இருந்தது என்ன மாதிரிப் படி என்பதற்கு 1981 ஒரு நல்ல உதாரணம். ரீகன் ஆட்சிக்கு வந்த முதல் வருஷம். இலவசத்துக்கு வரம்பு வறுமைக்கோட்டில் 130 சதவீதம் என்றும், குறைந்த விலைக்கு 185 என்றும் ஆக்கினார்கள். அதற்கு முன் குறைந்த விலையின் வரம்பு 195. ஏன் 185? வறுமை பற்றிய புதிய ஞானம் எதுவும் பிறக்கவில்லை. செலவைக் குறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மிச்சம் பிடிக்கிற உற்சாகத்தில் தக்காளிச் சட்னியையும் காய்கறியாகக் கணக்கில் சேர்க்க இடம் கொடுக்கும் விதி ஒன்றை அந்த செப்டம்பரில் வெளியிட்டு, நாடே சிரித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜனங்களுக்கு அந்தக் கெட்சப் கதைதான் நினைவில் இருக்கிறது. 195 என்பது 185 ஆனது யாருக்கும் நினைவில்லை. கோட்டுக்கு 190 சதவீதத்தில் இருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை 1980-இல் ஏழை, 1982-இல் ஏழை இல்லை; வீட்டில் எதுவும் மாறியிருக்காது. 1980-இல் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவர்கள் சுமார் 2 கோடியே 66 லட்சம். 1982-இல் 2 கோடியே 29 லட்சம். அதே இரண்டு வருஷத்தில், வேலையில்லாத் திண்டாட்டத்தில், நாட்டின் வறுமை விகிதம் 13 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறியிருந்தது.

வரம்பை விட்டுவிடுவோம். படிவத்தை யார் நிரப்புகிறார்கள்? தொடக்கப் பள்ளியில் தாய் நிரப்பிக் கொடுப்பாள். பதினைந்து வயதுப் பிள்ளை படிவத்தை வீட்டுக்கே கொண்டுபோவதில்லை. பையில் கசங்கிக் கிடக்கும். யாருக்கும் தெரியாது என்று சட்டம் சொன்னாலும் அவனுக்குத் தெரியும். இதனால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் எல்லாம், தங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப் பள்ளிகளைவிடப் பணக்காரப் பள்ளிகளாகக் கணக்கில் தெரிகின்றன. குடியேறி வந்து உரிய காகிதம் இல்லாத பெற்றோர் அரசாங்கப் படிவம் எதையும் தொடப் பயப்படுவார்கள். வந்த விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்று வீதம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்று கடிதம் போகும். பதில் வராவிட்டால் பேர் அடிபடும். பதில் எழுதாத குடும்பம் வசதியானதா, வீடு மாறிப் போனதா, கடிதத்தைப் படிக்கத் தெரியாததா என்பது பட்டியலில் தெரியாது.

அப்புறம், பட்டியல் இரண்டே நிறம் பார்க்கும் கண். 2023-24 பள்ளி வருஷத்தில் நான்கு பேர் குடும்பத்துக்கு வரம்பு வருஷத்துக்கு 55,500 டாலர். 55,000 சம்பாதிக்கும் வீடும், ஒன்றுமே சம்பாதிக்காமல் காரில் படுத்துத் தூங்கும் குடும்பமும் ஆய்வறிக்கையில் ஒரே பத்தி. 2017-இல் கேத்தரின் மிச்செல்மோரும் சூசன் டைனார்ஸ்கியும் மிஷிகன் மாநிலத்தில் ஒன்று செய்து பார்த்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வருஷம் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் பாலர் வகுப்பிலிருந்து ஒரு வருஷம் விடாமல் பட்டியலில் இருந்தவர்கள் 14 சதவீதம்தான். இந்தப் பதினான்கு பேரின் மதிப்பெண், ஒருதரம் வந்து ஒருதரம் போனவர்களுடையதைவிட வெகுவாகக் கீழே கிடந்தது. ஏழைகளுக்குள் இருந்த இந்த இடைவெளி அத்தனை வருஷமும் ஒரே எண்ணுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. பட்டியல் பொய் சொல்லவில்லை. பழைய பட்டியல்களை அடுக்கி வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் தர்ஸ்டன் டோமினாவும் சக ஆய்வாளர்களும் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். பள்ளிப் பட்டியலையும் வருமான வரி இலாகாவின் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பட்டியல் வருமானத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று தெரிந்தது. இதை எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் படிப்பில் யார் பின்தங்குவார் என்பது பற்றி, வருமானப் பதிவு சொல்லாத ஏதோ ஒன்றை அந்த மோசமான பட்டியல் சொல்லியது. என்ன அது? கையில் எவ்வளவு பணம் என்பதைத் தாண்டி, உதவி கேட்டுக் கையெழுத்திடும் நிலைமையில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதே ஒரு செய்தி என்று நான் படிக்கிறேன். நம் நாவலாசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது.

*

2010-இல் ஒபாமா காலத்தில் வந்த சட்டம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. உணவு உதவி அட்டை போன்ற வேறு உதவிகள் மூலம் ஏற்கெனவே ஏழை என்று அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் ஒரு பள்ளியில் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு போடலாம், படிவம் வேண்டாம். மூன்று மாநிலங்களில் 2011-இல் சோதித்து, 2014-இல் நாடு முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். 2023-இல் வரம்பு 25 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வரிசை ஒன்று, டோக்கன் இல்லை, கடன் பாக்கிக்காகத் தட்டைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிற கேவலம் இல்லை. ஆனால் அட்டவணையில் என்ன நடந்தது? பல மாநிலங்களின் பதிவில் அந்தப் பள்ளிகள் நூற்றுக்கு நூறு ஏழைப் பள்ளிகள் ஆயின. முந்தின வருஷம் 65 என்று இருந்த ஊர் ஒரே இரவில் 100. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பள்ளிகளில் வறுமை பெருகிவிட்டதாகக் கட்டுரைகளும் வந்தன. சாப்பாடு கூடியதை வறுமை கூடியதாகப் படித்தார்கள்.

கோவிட் வந்த 2020 மார்ச்சிலிருந்து 2022 ஜூன் வரை நாடு முழுவதும் எல்லோருக்கும் இலவசம். அது முடிந்ததும் கலிபோர்னியாவும் மேய்னும் அதை நிரந்தரமாக்கின. பின்னாலேயே கொலராடோ, மின்னசோட்டா, நியூ மெக்ஸிகோ, வெர்மான்ட், மிஷிகன், மாசசூசெட்ஸ். அளவுகோல் போயிற்றே என்ற கவலை அப்போது பகிரங்கமாகவே எழுந்தது. எல்லோருக்கும் சோறு போட்டால் யார் ஏழை என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி, கேட்பதற்குக் குரூரமாக இருக்கிறது. அப்படிச் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டுதான் பள்ளிக்குப் பணம் வருகிறது. எண்ணிக்கை மங்கினால், மேட்டுத் தெருப் பள்ளிக்கும் பள்ளத் தெருப் பள்ளிக்கும் வித்தியாசம் கணக்கில் மறையும்; அதில் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம்மிடம் இந்தச் சிக்கல் இந்த உருவத்தில் வரவில்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது வாத்தியார் பார்த்துப் பொறுக்குவது போய், வந்து உட்கார்ந்த பிள்ளைக்குச் சோறு என்றாயிற்று. எல்லோருக்கும் போட்டால் கஜானா தாங்குமா என்று அன்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்டார்கள். அளவுகோல் தொலைந்ததே என்று யாரும் அழவில்லை, ஏனென்றால் அந்தச் சோற்றை நாம் அளவுகோலாக வைத்திருக்கவில்லை. இங்கே பிள்ளைகளைப் பிரித்து எழுத வேறு பதிவேடு இருந்தது, அதில் ஜாதி இருந்தது. நம் அனுபவத்தை அங்கே பாடமாகக் கொண்டுபோய் நிறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. வசதி வந்த வீட்டுப் பிள்ளைகள் சத்துணவு இல்லாத பள்ளிகளுக்குப் போய்விட்ட ஊரில், தட்டு ஏந்துகிறவர்கள் யார் என்பதற்குப் படிவம் தேவைப்படாது.

கலிபோர்னியாவில் இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கலாம். சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். ஆனால் மாநில அரசு பள்ளிகளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இன்னமும் ஏழைப் பிள்ளைகளின் தலைக்கணக்கில்தான் வருகிறது. அதனால் சாப்பாட்டு விண்ணப்பம் போன இடத்தில், வருமானத்தை மட்டும் கேட்கும் மாற்றுப் படிவம் ஒன்று பல பள்ளிகளில் வந்திருக்கிறது. பழைய படிவத்தை நிரப்பினால் பிள்ளைக்குத் தட்டில் ஏதாவது விழும். புதிய படிவத்தை நிரப்பினால் வீட்டுக்கு எதுவும் வராது, பள்ளிக்கு வரும். தயவுசெய்து நிரப்பிக் கொடுங்கள், உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு நல்லது என்று பள்ளிகள் பெற்றோரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கின்றன. படிவம் இல்லாமலே அடையாளம் காணும் இன்னொரு வழி உணவு உதவிப் பட்டியலும் மருத்துவ உதவிப் பட்டியலும். 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்த இரண்டுக்கும் நிபந்தனைகளை இறுக்கியிருக்கிறது. அந்தப் பட்டியல்களிலிருந்து ஒரு தாயின் பேர் அடிபட்டால் பள்ளிப் பட்டியலில் தானாகச் சேரும் பிள்ளையின் பேரும் விடுபடும். பள்ளியின் வறுமைச் சதவீதம் குறையும்.